ஸ்லாப் இல்லாத பழைய கார்டு: யாரை நம்பி வாங்குவது?

கேள்வி: ஐந்து ஆண்டுகளாக 1950, 60களில் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட பேஸ்பால் வீரர்களின் படக் கார்டுகளைச் சேர்த்துவருகிறேன். ஒரு நிறுவனம் சோதித்துத் தரமிட்டு ஸ்லாபில் (மூடி முத்திரையிட்ட பிளாஸ்டிக் பெட்டியில்) அடைத்த கார்டுகளின் விலை எனக்குக் கட்டுப்படியாகாது. கார்டைக் கையில் எடுத்துப் பார்க்கும் சுகமும் அதில் இல்லை. அதனால் தரமிடாத, ஸ்லாபில் இல்லாத ரா கார்டுகளைத்தான் வாங்குகிறேன். சென்ற ஆண்டு ஈபேயில் 99 சதவீதத்துக்கு மேல் நற்சான்று வைத்திருந்த ஒருவரிடம் 1956 டாப்ஸ் ராபர்ட்டோ கிளமென்டே கார்டை, 'எக்ஸலன்ட்' என்று அவர் எழுதியிருந்ததை நம்பி வாங்கினேன். தரமிட அனுப்பினால் 'ஓரம் வெட்டப்பட்டது' என்று திரும்பி வந்தது. அதற்குள் கார்டைத் திருப்பிக் கொடுக்க அவர் வைத்திருந்த 30 நாள் கெடு முடிந்துவிட்டது. ரா கார்டுகளுக்கு நம்பகமான டீலர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? பெயர் சொன்னாலும் நல்லது. கையில் இருக்கும் இந்தக் கிளமென்டேயை என்ன செய்வது?

பதில்: அந்த 99 சதவீதம் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. கார்டு சொன்ன நாளில் வந்ததா, மூலை மடங்காமல் வந்ததா என்பதற்குத்தான் பெரும்பாலோர் மதிப்பெண் போடுகிறார்கள். வந்த கார்டை அளந்து பார்த்துவிட்டு மதிப்பெண் போடுகிறவர் அபூர்வம். ஓரத்தில் அரை மில்லிமீட்டர் போயிருந்தாலும் கவனிக்காமல் 'அருமையான விற்பனையாளர்' என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். உங்களுக்கு விற்றவருக்கே தெரியாமல் இருந்திருக்கவும் கூடும். தேய்ந்த மூலைகளைக் கூராக்கிக் காட்ட, 1956ஆம் ஆண்டுக் கார்டை வெட்டியவர் எப்போதோ வெட்டியிருப்பார். அதன் பிறகு அது எத்தனை கை மாறியதோ.

ஆகவே நேர்மையான ஆளைத் தேடினால் மட்டும் போதாது. அவருக்குக் கார்டு பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். அவர் கண்ணும் தவறிப்போனால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். இந்த மூன்றில் கடைசியைத்தான் முதலில் பாருங்கள். நேர்மையும் கண்ணும் பழகப் பழகத்தான் தெரியும். பணம் திரும்ப வருமா என்பதை மட்டும் வாங்குவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

டீலரைப் பற்றி யோசிக்கும் முன் கார்டைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள்: இது ஏன் இன்னும் ராவாக இருக்கிறது? 1961 டாப்ஸில் அதிகம் பேர் அறியாத ஒரு வீரரின் கார்டு நாலைந்து டாலர் போகும். அதைத் தரமிட 20, 30 டாலர் செலவழிக்க யாருக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை. அது ராவாக இருப்பது இயல்பு. மடிப்பு விழுந்து மூலை தேய்ந்த பிரபல வீரரின் கார்டும் அப்படித்தான். ஆனால் பார்க்கப் பளிச்சென்று இருக்கும், ஆயிரம் டாலர் விலை சொல்லும் ஒரு கார்டு ராவாக வந்தால் கணக்கு உதைக்கிறது. சில பத்து டாலர் செலவில் அதன் விலையைப் பல நூறு டாலர் ஏற்றலாம் என்றிருக்கும்போது விற்பவர் ஏன் அதைச் செய்யவில்லை? தாத்தாவின் பெட்டியிலிருந்து வந்திருக்கலாம். ஸ்லாபே பிடிக்காத பழைய சேகரிப்பாளருடையதாக இருக்கலாம். தரமிட அனுப்பி, 'வெட்டியது', 'நிறம் பூசியது' என்று திரும்பி வந்ததாகவும் இருக்கலாம். எதிர்பார்த்ததைவிடக் குறைந்த தரம் கிடைத்ததால் ஸ்லாபை உடைத்து வெளியே எடுத்த கார்டாகவும் இருக்கலாம். முதல் இரண்டும் நடப்பவைதான். ஆனால் விலை ஏற ஏறப் பின்னிரண்டையும்தான் அதிகம் சந்தேகப்பட வேண்டும்.

இந்தக் காரணத்தால் சில கார்டுகளை எவ்வளவு நல்ல டீலரிடமும் ராவாக வாங்க வேண்டாம். 1952 டாப்ஸ் மிக்கி மேன்டில் (எண் 311), 1933 கவுடி பேப் ரூத், 1968 டாப்ஸ் நோலன் ரயன் (எண் 177), 1979 ஓ-பீ-சீ வெய்ன் கிரெட்ஸ்கி (எண் 18), 1986 ஃப்ளீர் மைக்கேல் ஜோர்டான் (எண் 57) ஆகியவை அந்தப் பட்டியலில் முன்னால் நிற்பவை. ஒரு மேன்டில் 2022இல் ஏலத்தில் 1.26 கோடி டாலருக்குப் போனது. அவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் போலி செய்பவர்கள் சும்மா இருப்பார்களா? இவற்றில் ஒன்று வேண்டுமென்றால் குறைந்த தரத்திலாவது ஸ்லாபோடு வாங்குங்கள். கைப்பிடித்துப் பார்க்கும் சுகத்தை மற்ற கார்டுகளில் தேடிக்கொள்ளலாம்.

இனி பெயர்கள். விஸ்கான்சின் ஸ்டீவன்ஸ் பாயின்டில் உள்ள லாரி ஃப்ரிட்ச் கார்ட்ஸ், ஒஹாயோவின் சின்சினாட்டியில் உள்ள டீன்ஸ் கார்ட்ஸ், தபால் வழி விற்பனையில் பல பத்தாண்டுகளாக இருக்கும் கிட் யங் கார்ட்ஸ், ஈபே ஏலங்களில் கிரெக் மோரிஸ் கார்ட்ஸ்: பழைய ரா கார்டுகள் என்றதும் சேகரிப்பாளர்கள் அடிக்கடி சொல்லும் பெயர்கள் இவை. சி.ஓ.எம்.சி. என்ற தளம் வேறு வகை. அங்கே விற்கும் கார்டுகள் பல பேருடையவை. தளம் படமெடுத்து வைத்திருந்து அனுப்பித் தருகிறது. அதனால் அங்கே டீலரை எடைபோட முடியாது, ஒவ்வொரு கார்டின் படத்தையும் நீங்களேதான் படிக்க வேண்டும். நிலையான விலைக்கு விற்கும் பழைய கடைகளில் ஈபே ஏலத்தைவிடக் கொஞ்சம் கூடக் கொடுக்க வேண்டிவரும். அந்தக் கூடுதலைத் திருப்பிக் கொடுக்கும் உரிமைக்கான விலை என்று எடுத்துக்கொள்ளுங்கள். பத்து டாலர் கார்டுக்கு அது வீண் செலவு, இருநூறு டாலர் கார்டுக்கு மலிவு.

இந்தப் பட்டியலை நற்சான்றாக எடுத்துக்கொண்டு கண்ணை மூடிவிடாதீர்கள். 1909–11 காலத்து சிகரெட் பெட்டிகளில் வந்த டி206 ஹோனஸ் வாக்னர் கார்டுதான் இந்தத் துறையின் மகுடம். அதில் ஒரு கார்டு 1991இல் பி.எஸ்.ஏ. நிறுவனம் தரமிட்ட முதல் கார்டு. கிடைத்த தரம் பத்துக்கு 8. அதை வெட்டியது தானே என்று, ஏலத் துறையின் பெரும்புள்ளியாக இருந்த பில் மாஸ்ட்ரோ 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அவருடைய ஏலங்களில் விலையை ஏற்றப் போலிக் கேட்புகள் வைத்த மோசடி வழக்கில் குற்றத்தை ஏற்றுக்கொண்டபோது இதுவும் வெளியே வந்தது. 2015இல் 20 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. டீலரின் பெயர், தரமிட்ட நிறுவனத்தின் பெயர் இரண்டும் பெரியவையாக இருந்தும் நடந்தது இது.

புதிதாக ஒரு டீலரிடம் போகும்போது, பணம் கட்டும் முன் எழுத்தில் நான்கு விஷயம் கேளுங்கள். தொலைபேசியில் வேண்டாம், ஈபே என்றால் அதன் செய்திப் பெட்டியிலேயே கேளுங்கள், பின்னால் வழக்குப் போட்டால் அதுதான் சாட்சி. இந்தக் கார்டு எப்போதாவது தரமிட அனுப்பப்பட்டதா, ஸ்லாபிலிருந்து எடுத்ததா? ஓரம் வெட்டியது, நிறம் பூசியது, மடிப்பை அழுத்தி எடுத்தது, சுத்தம் செய்தது என்று உங்களுக்குத் தெரிந்து ஏதாவது உண்டா? நீங்கள் எழுதியிருக்கும் தரம் எந்த அளவுகோலின்படி? தரமிடும் நிறுவனமான பி.எஸ்.ஏ. அல்லது எஸ்.ஜி.சி. இதை 'மாற்றப்பட்டது' அல்லது 'போலி' என்று சொன்னால் எத்தனை நாளுக்குள் முழுப் பணமும் தருவீர்கள்?

பதில் எப்படி வருகிறது என்பதில் பாதி விஷயம் தெரிந்துவிடும். 'போன மாதம் ஒரு மொத்தச் சேகரிப்போடு வந்தது, முன்னே என்ன நடந்தது என்று தெரியாது. நான் அளந்து பார்த்தேன், அளவு சரியாக இருக்கிறது. பின்பக்கம் வலது கீழ்மூலைக்கு அருகே ஒரு சின்ன சுருக்கம் உண்டு, படத்தில் தெரியாது. வெட்டியது என்று வந்தால் எப்போது வேண்டுமானாலும் திருப்பி எடுத்துக்கொள்வேன்.' இப்படி எழுதுபவரை விட்டுவிடாதீர்கள். கேட்காத குறையைத் தானே சொல்லும் டீலர் கிடைப்பது கஷ்டம். 'படத்தைப் பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள்', 'நான் கார்டு நிபுணன் இல்லை' என்று பதில் வந்தால் அவருடைய மற்ற விற்பனைகளைப் பாருங்கள். ஐந்நூறு கார்டு விற்றவர் நிபுணன் இல்லை என்று சொல்வது அடக்கத்தினால் அல்ல.

நான்காவது கேள்வியில் ஒரு நுணுக்கம் உண்டு. தரம் குறைந்து வருவதற்கு எந்த டீலரும் பொறுப்பேற்க மாட்டார். அவர் 'எக்ஸ்' (எக்ஸலன்ட், பத்துக்கு 5) என்றது 4 என்று வந்தால் அது கருத்து வேறுபாடு. போலி, வெட்டியது, நிறம் பூசியது என்று வந்தால் கதை வேறு. விற்ற பொருளே அது இல்லை. நல்ல டீலர் இரண்டையும் பிரித்துத்தான் எழுதியிருப்பார்: கார்டு பிடிக்கவில்லை என்றால் 7 அல்லது 14 நாள், மாற்றம் செய்தது என்றால் நீண்ட காலம் அல்லது கெடுவே இல்லை. தரமிட அனுப்பிய கார்டு திரும்பி வரச் சில மாதம்கூட ஆகலாம் என்பதால், எல்லாவற்றுக்கும் சேர்த்து 30 நாள் என்று ஒரே கெடு வைப்பது உங்கள் விஷயத்தில் நடந்ததைப் போல எதற்கும் உதவாது.

தரச் சொற்களை ஆளுக்கு ஒரு விதமாகப் பயன்படுத்துவதும் உண்டு. 'எக்ஸ்' என்றால் மூலைகள் லேசாக மழுங்கியிருக்கலாம், மடிப்பு இருக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியும் மடிப்பு இருந்தால் 'விஜி-எக்ஸ்' (வெரி குட்-எக்ஸலன்ட், பத்துக்கு 4) அல்லது அதற்குக் கீழே. ஊசித் துளை, எழுத்து, பின்பக்கத் தாள் உரிந்தது ஆகியவற்றைத் தரத்தோடு தனியாகக் குறிப்பிட வேண்டும். 'நியர் மின்ட் (ஏறக்குறையப் புதிது), ஒரு மடிப்பு மட்டும்' என்று எழுதுபவரிடம் மேலே பேச்சு வேண்டாம்.

படங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நேர்மையான படமும் ஏமாற்றும். ஸ்கேனர் ஒளி நேர் எதிரே விழுவதால் சுருக்கங்களைத் தட்டையாக்கிவிடும். பின்பக்கத்துச் சுருக்கமும் மேற்பரப்பின் பளபளப்புக் குறைவும் அதில் தெரியவே தெரியாது. நூறு டாலருக்கு மேல் என்றால் ஸ்கேனோடு சேர்த்து, பிளாஸ்டிக் உறையிலிருந்து வெளியே எடுத்து, பக்கவாட்டிலிருந்து சாய்ந்த ஒளி விழும்படி முன்னும் பின்னும் எடுத்த படம் கேளுங்கள். இரண்டு நிமிட வேலை. மறுப்பவருக்கு வேலை அதிகம் இருக்கலாம், உங்களுக்கு அந்தக் கார்டு வேண்டாம். புதிய விற்பனையாளர் என்றால், அன்றைய தேதி எழுதிய துண்டுச் சீட்டைப் பக்கத்தில் வைத்து எடுத்த படமும் கேளுங்கள். பிறருடைய படத்தைத் திருடிப் போடுபவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

நற்சான்றுப் பக்கத்தைப் படிப்பதானால் சதவீதத்தை விட்டுவிட்டு எதிர்மறை, நடுநிலைக் கருத்துகளை மட்டும் திறந்து, அதிலும் பழைய கார்டு வாங்கியவர்கள் எழுதியதை மட்டும் பாருங்கள். 'தபால் தாமதம்' பொருட்டல்ல. 'சொன்ன தரம் இல்லை', 'மடிப்பைச் சொல்லவில்லை', 'சிறியதாக இருக்கிறது' என்பவை மூன்று, நான்கு இருந்தாலே போதும், விலகிவிடலாம். அதைவிட முக்கியம், அதற்கு அவர் எழுதிய பதில். 'திருப்பி அனுப்புங்கள், தபால் செலவும் என்னுடையது' என்பதற்கும் 'வாங்கும் முன் படத்தைப் பார்த்திருக்க வேண்டும்' என்பதற்கும் உள்ள தூரம்தான் நீங்கள் தேடுவது.

இவ்வளவும் தாண்டிய டீலரிடம் முதலிலேயே பெரிய கார்டை வாங்க வேண்டாம். நீங்கள் சேர்க்கும் ஒரு செட்டிலிருந்து (ஓர் ஆண்டுக் கார்டுகளின் முழு வரிசையிலிருந்து) விலை குறைந்த பத்துக் கார்டுகள், எல்லாம் ஒரே தரத்தில், உதாரணமாக 1960 டாப்ஸ் 'விஜி-எக்ஸ்', வாங்குங்கள். 40, 50 டாலருக்குள் முடியும். வந்ததும் அவர் எழுதிய தரத்தை மறைத்துவிட்டு விளக்கடியில் நீங்களே தரம் போடுங்கள். பத்தில் ஒன்றிரண்டு அரைப் படி இறங்கினால் வழக்கமானது. நான்கு இறங்கினால், அதுவும் எல்லாம் ஒரே திசையில் என்றால், அவருடைய அளவுகோல் தளர்வானது. விலை உயர்ந்த கார்டிலும் அப்படித்தான் எழுதுவார். அடுத்து 50 முதல் 100 டாலருக்குள் ஒரு கார்டு. வாங்கியதில் ஏதாவது நிஜமாகவே குறை இருந்தால் பொறுத்துப்போகாமல் திருப்பி அனுப்புங்கள். பணம் எத்தனை நாளில் வந்தது, எத்தனை கேள்வி கேட்டார் என்று குறித்துவையுங்கள். விற்கும்போது எல்லோரும் இனிமையாகத்தான் பேசுவார்கள்.

இப்போது உங்கள் பக்கத்து வேலை. வாங்கிய கார்டைக் கெடு முடிவதற்குள் நீங்களே சோதித்துவிட்டால் தரமிடும் நிறுவனத்தின் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தேவைப்படும் கருவிகள் அரை மில்லிமீட்டர் குறியிட்ட இரும்பு அளவுகோல், 10 மடங்கு உருப்பெருக்கும் லூப், கழுத்தை வளைக்கக்கூடிய மேசை விளக்கு. நான்காவதாக யாரும் அதிகம் சொல்லாத ஒன்று, நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு செட்டிலும் ஐந்தாறு மலிவுக் கார்டுகள். இரண்டு டாலர் கார்டை யாரும் உட்கார்ந்து வெட்ட மாட்டார்கள். ஆகவே அவைதான் உங்கள் அளவுக்கல்.

அளவுகள் இவை. 1952 முதல் 1956 வரையிலான டாப்ஸ் 66.7 × 95.3 மில்லிமீட்டர், 1957 முதல் 63.5 × 88.9. 1951, 52 போமேன் 52.4 × 79.4. 1933 கவுடி 60.3 × 73. டி206 கார்டு 36.5 × 66.7. டாப்ஸ் நிறுவனமே 1952 செட்டை 1983இல் மறு அச்சிட்டது 63.5 × 88.9 அளவில்தான். மறு அச்சு என்ற குறிப்பைச் சுரண்டிவிட்டு விற்பவரை அளவுகோலே காட்டிக்கொடுத்துவிடும்.

உங்கள் கிளமென்டேயை எடுத்துக்கொள்வோம். 1956 கார்டுகள் எல்லாம் படுக்கைவாட்டில் இருப்பவை. ஒவ்வொரு திசையிலும் இரண்டு நுனியிலும் நடுவிலும் என்று மூன்று இடத்தில் அளங்கள். இரு நுனிகளின் அளவு வேறுபட்டால் ஏதோ ஒரு ஓரம் கோணலாக வெட்டப்பட்டிருக்கிறது. அடுத்து அதை ஐந்து மலிவுக் கார்டுகளுக்கு நடுவே செருகி, அந்தக் கார்டுக் கட்டைச் செங்குத்தாக மேசையில் மெதுவாகத் தட்டி ஒன்றுசேர்த்து, மேலிருந்து பாருங்கள். வெட்டிய கார்டு இருக்கும் இடத்தில் ஒரு பள்ளம் தெரியும். கட்டைத் திருப்பி மற்ற பக்கத்தையும் பாருங்கள். ஆனால் ஆலையிலேயே அரை, முக்கால் மில்லிமீட்டர் கூடக் குறைய வெட்டியிருப்பார்கள். அளவு குறைந்ததெல்லாம் திருட்டு இல்லை. அளவு சரியாக இருப்பதெல்லாம் சுத்தமும் இல்லை. ஆலையில் பெரிதாக விழுந்த கார்டை வெட்டினால் அளவு கச்சிதமாக வந்துவிடும்.

அதனால் ஓரத்தையும் பார்க்க வேண்டும். விளக்கைத் தாழ்த்தி, கார்டின் விளிம்பைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, லூப்பில் மெல்ல நகர்த்துங்கள். ஆலைக் கத்தி பல தாள்களை ஒன்றாக அழுத்தி வெட்டியது. அதனால் விளிம்பு ஒரு பக்கம் துளி மடிந்ததுபோல் இருக்கும், நார் கொஞ்சம் பிசிறும். அறுபது எழுபது ஆண்டில் அந்த விளிம்பும் கார்டின் வெள்ளைப் பட்டையும் ஒரே பழுப்புக்கு வந்திருக்கும். வெட்டிய விளிம்பு புதுத் தாள்போல் வெளுத்து, கூராக இருக்கும். கத்தி நின்ற இடத்தில், மூலைக்கு அருகே, ஒரு சின்ன கொக்கி தெரியும். அளவுகோல் நழுவிய இடத்தில் அலை தெரியும். நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். இரண்டு மூலை தேய்ந்து மற்ற இரண்டு கூராக இருந்து, அந்தக் கூரான இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தால், அந்தப் பக்கம்தான் வெட்டப்பட்டது என்று பந்தயமே கட்டலாம். வெட்டியவர் அந்தத் தேய்ந்த மூலைகளைக் கூராக்கத்தானே வெட்டினார்.

இதில் ஓ-பீ-சீ கார்டுகள் விதிவிலக்கு. கனடாவில் அச்சான அவற்றின் ஓரம் பிசிறாக இருப்பதே இயல்பு. நான்கு பக்கமும் சவரம் செய்ததுபோல் இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

போலிக்கு லூப் போதும். மூல அச்சில் கறுப்பு எழுத்துகளும் கோடுகளும் தனி அச்சுத் தகட்டிலிருந்து, புள்ளி புள்ளியாக இல்லாமல், இடைவெளியற்ற மையில் விழுந்தவை. படத்தில் மட்டும்தான் புள்ளிகள் இருக்கும். மூலத்தைப் படமெடுத்துச் செய்த மறு அச்சில் எழுத்தும் புள்ளிகளாக உடைந்திருக்கும், விளிம்பு மங்கலாக இருக்கும். உங்கள் மலிவுக் கார்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சந்தேகமே வராது. தேநீரில் நனைத்து, மூலைகளைத் தேய்த்து, மடித்துப் பழசாக்கிய போலிகளும் உண்டு. புள்ளிகளை அப்படி மறைக்க முடியாது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கார்டுகளுக்குப் புற ஊதா விளக்கும் உதவும். தாளை வெளுப்பாக்கும் ஒளிர் பொருள்கள் பரவலாக வந்தது அதன் பிறகுதான். 1933 கவுடி அந்த விளக்கில் நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அது 1933ஆம் ஆண்டுத் தாள் இல்லை. 1960களின் கார்டுகளுக்கு இந்தச் சோதனையை நம்ப வேண்டாம்.

வண்ண ஓரம் கொண்ட செட்டுகளில் நிறம் பூசுவது சகஜம். 1971 டாப்ஸின் கறுப்பு ஓரம், 1962இன் மரநிறம், 1975இன் இரட்டை வண்ணம் ஆகியவற்றில் மூலை லேசாக உதிர்ந்தாலும் வெள்ளை தெரியும். மார்க்கர் பேனாவுக்கு ஒரு நொடி வேலை. கார்டைப் பக்கவாட்டில் பிடித்து விளிம்பைப் பாருங்கள். அச்சு மை மேற்பரப்போடு நின்றுவிடும், பேனா மை விளிம்பின் நாருக்குள் ஊறியிருக்கும். இந்த மூன்று செட்டுகளிலும் மூலை வெளுத்த கார்டே மேல் என்று வாங்குங்கள்.

நேரில் வாங்க முடிந்தால் பாதிச் சிக்கல் தீரும். 1980 முதல் நடக்கும் நேஷனல் என்ற பெரிய கண்காட்சியானாலும், ஹோட்டல் கூடத்தில் இருபது மேசை போட்ட சின்னக் கண்காட்சியானாலும் நடைமுறை ஒன்றுதான். லூப், சின்ன டார்ச், மலிவுக் கார்டு ஒன்று பையில் இருக்கட்டும். உறையிலிருந்து எடுத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள். எடுப்பவர் அவராகவே இருக்கட்டும். நான்கு திருகு வைத்த கெட்டி பிளாஸ்டிக்கில் இறுக்கி வைத்திருக்கும் கார்டு என்றால் தயங்குங்கள். பல ஆண்டு அழுத்தத்தில் தாள் நசுங்கியிருந்தால் அதையும் 'மாற்றப்பட்டது' கணக்கில் சேர்த்துவிடக்கூடும். உங்களுக்கு முன் நிற்பவரிடமிருந்து டீலர் எப்படி வாங்குகிறார் என்பதையும் கவனியுங்கள். வாங்கும்போது ஒவ்வொரு மடிப்பையும் விரல் வைத்துக் காட்டிவிட்டு, விற்கும்போது அதே மடிப்பைப் பற்றி வாய் திறக்காதவர் உண்டு.

பணத்தைப் பேபாலில் 'பொருள் மற்றும் சேவை' வழியாக அல்லது கிரெடிட் கார்டில் மட்டும் கட்டுங்கள். 'நண்பர், குடும்பம்' வழியாக அனுப்பினால் பாதுகாப்பே கிடையாது. விற்பவர் கட்டணத்தைக் காரணம் காட்டினால் அந்த மூன்று சதவீதத்தை நீங்களே கூடத் தருவதாகச் சொல்லுங்கள். அப்போதும் மறுத்தால் காரணம் கட்டணம் இல்லை. பொட்டலத்தைத் திறக்கும்போது கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக உங்கள் கிளமென்டே. பேபாலில் பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாள் வரை புகார் கொடுக்கலாம். முதலில் அந்தத் தேதியைப் பாருங்கள். கெடு தாண்டியிருந்தாலும் விற்றவருக்கு எழுதுங்கள். கோபம் வேண்டாம். தரமிட்ட நிறுவனத்தின் பதிலின் படம், உங்கள் அளவுகள், மலிவுக் கார்டுகளோடு அடுக்கி எடுத்த படம் மூன்றையும் இணைத்து, 'உங்களுக்கும் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன், எப்படிச் சரிசெய்யலாம்?' என்று கேளுங்கள். கெடு முடிந்த பிறகும் முழுப் பணமோ பாதிப் பணமோ தருபவர்கள் உண்டு. இவர் தந்தால் உங்களுக்கு ஒரு டீலரும் கிடைத்துவிட்டார். தரவில்லை என்றால், கார்டை அப்படியே வைத்துக்கொள்ளலாம். செட்டில் அந்த இடத்தை நிரப்ப அது போதும், வெட்டிய விளிம்பு எப்படி இருக்கும் என்று பார்த்துப் பழக அதைவிட நல்ல மாதிரியும் கிடைக்காது. விற்பதானால் தலைப்பிலேயே 'ஓரம் வெட்டியது' என்று எழுதி விற்றுவிடுங்கள். மடிப்பு விழுந்த கிளமென்டேயின் விலையை ஒட்டி யாராவது வாங்கிக்கொள்வார்கள். உறையின் பின்னாலும் பென்சிலில் அதை எழுதிவையுங்கள். கார்டில் அல்ல, உறையில்.